3,000 வெள்ளிக்கு லென்ஸ் கேட்கும் தம்பிக்காக

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன் மாமா கொடுத்த பழைய கெனான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றுகிறான், இப்போது 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) லென்ஸ் கேட்கிறான், இது நியாயமான ஆசையா, வீண் செலவா என்று கேட்டிருந்தார். போன வாரம் அதற்கு ஒரு வாசகர் பதில் போட்டிருந்தார். மலிவாக வாங்கினால் மறுபடியும் வாங்க வேண்டிவரும், தவணையில் கட்டியாவது நல்லதாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று. காலையில் பசியாறிக்கொண்டே படித்தேன், ரொட்டி சானாய் தொண்டையில் நின்றுவிட்டது. அந்த வாசகர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்று அவரே எழுதியிருந்தார், அதைப் படித்துவிட்டும் ஒருவர் தவணை கட்டச் சொல்கிறார் என்றால் நான் பேசாமல் இருக்க முடியாது.

நான் பெரிய படப்பிடிப்பாளன் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பதினைந்து வருஷமாகக் கோயில் திருவிழா, காதணி விழா, பிறந்தநாள், சொந்தக்காரர் கல்யாணம் என்று படம் எடுக்கிறேன். பாதி இலவசம், மீதி சாப்பாட்டுக்கு. லென்ஸ் விஷயத்தில் காசை வீணடித்த அனுபவம் மட்டும் நிறைய இருக்கிறது.

2011-இல் எனக்கு போனஸ் வந்த மாதம் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். கேமரா, 18–55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்ட 300 மில்லிமீட்டர் வரை போகிற நீள லென்ஸ் ஒன்று, பை, டிரைபாட், கண்ணாடி துடைக்கிற துணி, எல்லாம் சேர்த்து ஒரே செட் என்றார் கடை முதலாளி தவுக்கே. நான் கொஞ்சம் யோசித்ததும் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த நீள லென்ஸை மாட்டிக் கொடுத்து, தெருக்கோடியில் இருந்த ஒரு கடையின் பலகையைப் பார்க்கச் சொன்னார். பலகையின் கீழே பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி எண் வரைக்கும் தெரிந்தது! அவ்வளவுதான், அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மகளுக்கு நலங்கு. இரவு எட்டு மணி, மண்டபத்தில் டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்த வெளிச்சம். நானும் பெருமையாக அந்த நீள லென்ஸை மாட்டிக்கொண்டு மூலையில் நின்றேன். மஞ்சள் பூசுகிற கை எல்லாம் புகை மாதிரி வந்தது. தவில்காரர் விரல் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் இழுப்பு. பெண்ணின் முகம் ஒரு படத்திலாவது தெளிவாக வந்திருக்குமா என்று ராத்திரி இரண்டு மணி வரை தேடினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆல்பத்துக்கு வேறொருவர் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொடுத்திருந்தார், அதுதான் எனக்கு உறைத்தது.

கடைக்காரர் எனக்குப் பொய் சொல்லவில்லை. அந்த லென்ஸ் தூரத்தைக் காட்டும், காட்டியது. தூரத்தை வாசலில் நிறுத்திக் காட்ட முடியும், அதனால் அதுதான் விற்கும். வெளிச்சத்தை அப்படி நடுப்பகலில் காட்ட முடியாது. நம் ஆட்கள் படம் எடுக்கிற இடங்களை நினைத்துப் பாருங்கள். கருவறைக்கு முன்னால், மண்டபத்துக்குள், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு ஹாலில் கேக் வெட்டும்போது, தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை வெள்ளித் தேர் கிளம்பும்போது. இதில் எந்த இடத்திலும் நமக்குத் தூரம் குறைவதில்லை, வெளிச்சம்தான் குறைகிறது. இந்த ஒன்று புரிய எனக்கு இரண்டு வருஷமும் ஒரு போனஸும் செலவானது.

லென்ஸின் முகப்பில் மில்லிமீட்டரோடு சேர்த்து எழுதியிருக்கிற இன்னொரு எண், அதாவது எஃப் எண்தான் வெளிச்சத்தின் கணக்கு. மில்லிமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் உள்ளே வருகிற திறப்பின் அகலம் வரும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 28 மி.மீ. அகலம், நம்முடைய பழைய 50 காசு நாணயம் அளவு, இப்போதைய சின்ன 50 காசு இல்லை, முன்பு இருந்ததே அது. அதே 50-இல் எஃப் 5.6 என்றால் 9 மி.மீ., சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் சின்னது. நாணயத்தையும் பித்தானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பரப்பில் பத்து மடங்கு வித்தியாசம். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை முழுதாக நீட்டினால் கிடைப்பது இந்தப் பித்தான் திறப்புதான். அன்றைக்கு மண்டபத்தில் என் கேமரா ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. 1.8 இருந்திருந்தால் அதே வெளிச்சத்தில் 160-இல் ஒரு பங்கு போதும், தவில்காரரின் விரல் நின்றிருக்கும்.

நடுக்கத்தைத் தடுக்கிற வசதி லென்ஸிலேயே இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அது நம் கை நடுங்குவதைத்தான் தடுக்கும். ஆடுகிற குழந்தையை நிறுத்தாது. இதைச் சொல்லாமலே எத்தனை லென்ஸ் விற்றிருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சரி, தம்பி கேட்ட லென்ஸுக்கு வருகிறேன். அந்த அம்மா எழுதியதைப் பார்த்தால், வெள்ளை நிறத்தில் நீளமாக, 70–200 என்று போட்டது, பழையதாக ஒன்று 3,000 வெள்ளிக்குள் வருகிறது என்று மகன் சொன்னானாம். எஃப் 4 வகையாகத்தான் இருக்கும். மிக நல்ல லென்ஸ், அதில் சந்தேகம் இல்லை. அதை வைத்து ஓட்டப் பந்தயம் எடுக்கலாம், கொக்கு எடுக்கலாம், தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி மேலே ஏறுவதைக் கீழே நின்றுகொண்டு எடுக்கலாம். ஆனால் தம்பியின் கேமராவில் ஒரு ஆள் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும் என்றால் 70-இல் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சாதாரணத் தொடர்வீட்டின் அகலமே ஆறு மீட்டர்தான். படம் எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிவரும். வெளிச்சக் கணக்கில் பார்த்தாலும் எஃப் 4 என்பது 5.6-ஐப் போல இரண்டு மடங்கு மட்டுமே. 3,000 வெள்ளிக்கு இரண்டு மடங்கு, இன்னொரு பக்கம் 300, 400 வெள்ளிக்குப் பத்து மடங்கு. பாரத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த வெள்ளை லென்ஸ் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும், 50 மி.மீ. 1.8 எஸ்டிஎம் (அமைதியான ஃபோகஸ் மோட்டார் உள்ளது) 160 கிராம்தான். தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிறவனுக்கு இது தெரியும்.

அந்த கெனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 2015-இல் வந்தது. அதற்கு முன் இருந்தது பிளாஸ்டிக் மாட்டும் வளையத்தோடு கரகரவென்று சத்தம் போடும், பழையதில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் காசு சேர்த்துப் புதிய வடிவத்தையே வாங்கலாம், ஏனென்றால் பின்பக்க மாட்டும் வளையம் உலோகம், ஃபோகஸும் அமைதி, 35 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். நான் என்னுடையதை ஒரு கல்லூரி மாணவனிடம் 320 வெள்ளிக்கு வாங்கினேன். அதில் எடுத்த முதல் படம் என் மனைவி விளக்கு ஏற்றுவது. வேறு எந்த வெளிச்சமும் இல்லை, விளக்கு மட்டும்தான். அந்தப் படத்தை இன்னமும் வைத்திருக்கிறேன், மாமியார் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 50-ஐ வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கேமராக்களின் சென்சார் சின்னது என்பதால் 50 என்பது 80 மாதிரி நெருங்கிக் காட்டும். முழு ஆள் வர நாலு மீட்டர் வேண்டும், 35 என்றால் மூன்று போதும். முகம், கை, தாலி, சாமி அலங்காரம் இவற்றுக்கு 50 அருமை. வீட்டுக்குள் குடும்பம், அஞ்சடியில் (கடை முன் நடைபாதை) உட்கார்ந்து பூக்கட்டும் பாட்டி, லெபோ பாசார் தெருவில் கூட்டத்துக்கு நடுவே ஒருவர், இதற்கெல்லாம் 50 மூச்சுமுட்டும். எது தேவை என்று கடைக்காரரையும் என்னையும் கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு காசும் ஆகாது. தம்பியிடம் ஏற்கெனவே 18–55 இருக்கிறது. அதன் ஜூம் வளையத்தை 35-இல் வைத்து ஒட்டுநாடா போட்டு ஒரு வாரம் சுற்றட்டும். அடுத்த வாரம் 50-இல் ஒட்டிவிட்டுச் சுற்றட்டும். எந்த வாரம் அதிகமாகத் திட்டினானோ அந்த லென்ஸ் வேண்டாம். இன்னொன்றும் செய்யலாம், இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் திறந்தால் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று விவரத்தில் பதிந்திருக்கும். நான் ஒரு மழைநாளில் உட்கார்ந்து என்னுடைய பழைய படங்களைப் பார்த்தேன். 300 வரை போகிற லென்ஸ் கையில் இருந்தும் 200-க்கு மேல் எடுத்தது கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான், அதில் பாதி நிலா.

கெனானில் 35 அளவில் மலிவானது கொஞ்சம் தட்டுப்பாடு, அதற்குப் பதில் 24 மி.மீ. எஃப் 2.8 என்று தோசை மாதிரித் தட்டையாக ஒன்று இருக்கிறது, 125 கிராம், சட்டைப் பையில் போடலாம், வெளிச்சம் 1.8 அளவுக்கு இல்லை என்றாலும் வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (சின்ன சென்சாருக்கானது), 2009 முதல் இருக்கிறது, பழையதில் ஏராளம். ஆனால் நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரில் 'டி' என்று முடியும் பழைய 50 மி.மீ. 1.8 இன்னும் மலிவாக வருகிறதே என்று வாங்கினால் மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸ் மட்டும் கையால் திருப்ப வேண்டும். நிக்கானின் புதிய இசட் கேமராவில், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அதே கதைதான். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் லென்ஸிலேயே மோட்டார் இருக்கும், கவலை இல்லை. புஜி வைத்திருப்பவர் எக்ஸ்சி 35 எஃப் 2 பார்க்கலாம், சோனியில் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு நல்ல காலமும் இது. கெனானும் நிக்கானும் 2018-இல் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதிய கேமரா வரிசைகளைத் தொடங்கின. காசு உள்ளவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள், பழைய லென்ஸ்களைக் கழற்றி விற்கிறார்கள். நமக்கு அதுதான் அறுவடை. கெனானின் பழைய இஎஃப் லென்ஸை நாளைக்குப் புதிய ஆர்எஃப் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டினாலும் ஃபோகஸ் முதல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே தம்பி இன்று வாங்குவது நாளைக்கு வீணாகாது. திருப்பிப் போடத்தான் முடியாது, ஆர்எஃப் லென்ஸ் பழைய கேமராவில் உட்காராது.

பழையது வாங்குவதில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன், அதை விரிவாகவே சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒருவர் 17–50 எஃப் 2.8 விற்கிறார் என்று பார்த்து, படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பி, தபாலில் வரவழைத்தேன். வெளியே புதுசு மாதிரி மின்னியது. பகலில் படம் நன்றாகவே வந்தது. இரவில் விளக்கைப் பார்த்து எடுத்தால் மட்டும் படம் முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெளுப்பு. கைப்பேசி டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகக் கிளை கிளையாகப் பூஞ்சை. விற்றவர் அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. பழுது பார்ப்பவர் கழற்றித் துடைத்துக் கொடுத்தார், கூலி லென்ஸ் விலையில் கால்வாசி. பூஞ்சை போய்விட்டது, அது இருந்த தடம் கண்ணாடியின் பூச்சில் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் பூஞ்சை கக்குகிற அமிலம் பூச்சையே அரித்துவிடுமாம்.

அதற்குப் பிறகு நான் தபாலில் வாங்குவதே இல்லை. நேரில் பார்த்துக் காசு கொடுப்பது மட்டும்தான், அதுவும் மாமாக் உணவுக்கடையில், பகலில். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டால் விற்கிறவரும் அவசரப்படமாட்டார். முதலில் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன், பிறகு திருப்பி. நிக்கான் பழைய லென்ஸாக இருந்தால் பின்பக்கம் இருக்கிற சின்ன நெம்புகோலைத் தள்ளினால்தான் திறப்பு விரியும், இல்லாவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. தூசு இரண்டு மூன்று இருந்தால் கவலை இல்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல் மாதிரி, பனி மாதிரி, எண்ணெய் மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைப்பேன், படத்தில் அது தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் என்றால் எழுந்து வந்துவிடுவேன். வளையத்தில் நெளிவு இருந்தால் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் என் கேமராவில் மாட்டுவேன். சொன்னால் சிரிப்பீர்கள், உங்கள் நாளிதழைத்தான் மேசையில் விரித்து, ஒரு முனையிலிருந்து சாய்வாகப் பார்த்து, நடுவில் ஒரு தலைப்பின் மேல் ஃபோகஸ் வைத்து, திறப்பை முழுதாக விரித்து எடுப்பேன். அந்தத் தலைப்பே கூர்மையாக இருந்தால் லென்ஸ் சரி. அதற்கு முன் வரியோ பின் வரியோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தள்ளிப்போயிருக்கிறது. நாளிதழை விட மலிவான சோதனைப் பலகை எனக்குத் தெரியவில்லை.

புதிதாகக் கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபி செட் (அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதி) என்று விலை குறைத்துச் சொல்வார்கள். பொருள் அதேதான், இங்குள்ள அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரின் உத்தரவாதம் இருக்காது, கடைக்காரரின் உத்தரவாதம்தான். 500 வெள்ளி லென்ஸுக்கு நான் அதைப் பெரிதாக நினைக்கமாட்டேன். 3,000 வெள்ளி என்றால் நினைப்பேன். ரசீதில் எந்த வகை என்று எழுதச் சொல்லுங்கள், அதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

வாங்கியதும் லென்ஸ் பாதி வேலை, காப்பாற்றுவது மீதி. நம் ஊர்க் காற்றில் வருஷம் முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். லென்ஸை அந்தத் தோல் பைக்குள்ளேயே அலமாரியில் வைத்தால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நான் வேலை செய்த தொழிற்சாலையில் சிப் வகைகளை எல்லாம் ஈரம் படாமல் கண்ணாடிக் கதவுள்ள உலர் பெட்டியில் வைப்போம், உள்ளே ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே. முப்பது வருஷம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவன், வீட்டில் லென்ஸை லுங்கிக்கு நடுவே வைத்திருந்தேன் பாருங்கள். லென்ஸுக்கு அவ்வளவு உலர்வும் கூடாது, 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். மின்சாரத்தில் ஓடும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன, ஆனால் தம்பிக்கு அதுவும் இப்போதைக்கு வேண்டாம். மூடி இறுக்கமாக நாலு பக்கமும் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். தீபாவளிக்கு முறுக்கு வைக்க வாங்கின டப்பாதான் என் வீட்டில் லென்ஸ் பெட்டி, அதற்காக வாங்கிய திட்டு தனிக் கதை. நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் என்றால் ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள், நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்கிற வேலை மட்டும் செய்யாதீர்கள்.

தம்பி 1.8 லென்ஸை வாங்கிவிட்டு முதல் வாரமே எனக்குச் சாபம் கொடுக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். திறப்பை முழுதாக விரித்து, கிட்டப் போய் ஒரு முகத்தை எடுத்தால் ஒரு கண் கூர்மையாக இருக்கும், மறு கண் மங்கும். முதலில் இதை அழகு என்று நினைத்து எல்லாவற்றையும் அப்படியே எடுப்பான், எல்லோரும் அப்படித்தான், நானும் ஒரு வருஷம் எடுத்தேன். மூன்று பேர் வரிசையில் நின்றால் திறப்பை எஃப் 4-க்காவது குறைக்க வேண்டும். இருபது பேர் குடும்பப் படம் என்றால் பழைய கிட் லென்ஸையே 18-இல் வைத்து எடு. அதனால் கிட் லென்ஸை விற்றுவிடாதே தம்பி, அதற்கு யாரும் பெரிய விலை தரப்போவதும் இல்லை.

காசு மிச்சம் இருந்தால் அடுத்தது லென்ஸே வேண்டாம் என்பது என் எண்ணம். பழைய பிளாஷ் ஒன்று, தலை மேலே திரும்புவதாக. வெள்ளைக் கூரையைப் பார்த்து அடித்தால் அந்த ஹால் முழுக்க மென்மையான வெளிச்சம் இறங்கும், கிட் லென்ஸ்கூட அதில் வேறு லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். கருவறைக்கு முன்னால் மட்டும் பிளாஷை அணைத்துவிடு, குருக்கள் திட்டுவதற்கு முன்னால் நாமே அணைப்பது மரியாதை. பிறகு ஒரு நாள் உண்மையிலேயே நீளம் வேண்டும் என்று தோன்றினால் 55–250 எஸ்டிஎம், நடுக்கத் தடுப்போடு, பழையதில் வெள்ளை லென்ஸின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். அந்த 70–200 ஆசையும் தப்பில்லை. தைப்பூசத்துக்கு மூன்று நாள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு நாள் என்று வாடகைக்கு எடுக்கலாம், லென்ஸ் வாடகைக்கு விடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு தடவை நானும் எடுத்தேன், தேங்காய் உடைக்கிற இடத்தில் தண்ணீர் தெறித்துவிடுமோ என்று பயந்து பாதி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சொந்த 320 வெள்ளி லென்ஸாக இருந்தால் தேங்காய்த் தண்ணீரோடு எடுத்திருப்பேன்.

தவணை கட்டச் சொன்ன வாசகர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. மலிவு என்று கண்டதை வாங்கினால் இரண்டு தடவை செலவாகும், நான் வாங்கின 300 மி.மீ. லென்ஸைப் போல. அது மலிவு என்பதால் வீணாகவில்லை, எனக்குத் தேவைப்படாதது என்பதால் வீணானது. அதையே பத்தாயிரம் வெள்ளிக்கு வாங்கியிருந்தாலும் அக்கா மகளின் நலங்கில் அந்த மூலையில்தான் நின்றிருப்பேன். பதினெட்டு வயதுப் பையனுக்கு மாதா மாதம் தவணை இருந்தால் ஒரு சங்கடம் என்ன தெரியுமா, படம் எடுக்கப் போகிற நாளில் பகுதி நேர வேலைக்குப் போய்விடுவான்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம் ஐயா. வாசகர் படம் என்று வாரா வாரம் போடுகிறீர்களே, அதன் கீழே எடுத்தவர் பெயரும் கேமராவின் பெயரும் வருகிறது. கேமரா பெயரை எடுத்துவிட்டு, எத்தனை அடி தள்ளி நின்று, எந்த நேரத்து வெளிச்சத்தில் எடுத்தார் என்று ஒரு வரி போட முடியுமா? இளம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கடைக்குப் போகிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் கத்தரித்து எடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்குத் தகவல் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் நான் பெரும்பாலும் இருப்பேன், பூக்கடை ஓரமாக, கழுத்தில் கேமரா தொங்கும், தலை வழுக்கை, அடையாளம் கஷ்டமில்லை. தம்பி தன் கேமராவைக் கொண்டு வரட்டும். என் 50-ஐயும் 24-ஐயும் மாட்டித் தருகிறேன், தீபாராதனை முடிகிற வரைக்கும் எடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வெள்ளை லென்ஸ்தான் வேண்டும் என்று சொன்னால், சரி, நானே கூடப் போய் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் வாசகன்,
பினாங்கு